நாவலில் ஒரு வரி, படத்தில் ஒரு காதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படம் பார்த்துவிட்டு நாவலைத் தேடிப் போகிறவர்கள் ஒரு பக்கம், நாவலைக் கரைத்துக் குடித்துவிட்டுப் படத்துக்குப் போய் முகம் சுளிக்கிறவர்கள் மறுபக்கம். இரண்டு தரப்பிலும் நண்பர்கள் இருப்பதால் ஃபேன்டசி கதைகளில் வரும் காதலைப் பற்றி ஒரே மாதிரிச் சந்தேகங்கள் என்னிடம் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். கதை முடிவுகளையெல்லாம் போட்டு உடைத்திருக்கிறேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

படத்தில் காதலை "விரிவாக்கிட்டாங்க"ன்னு சொல்றாங்களே, இல்லாததைச் சேர்த்துட்டாங்கன்னு அர்த்தமா?

பெரும்பாலும் இல்லை. நாவலில் ஒரு பெயராகவோ ஒரு வரியாகவோ கிடப்பதை எடுத்து அதற்குக் காட்சிகள் கொடுப்பதுதான் அதிகம் நடக்கிறது. சுத்தமாக இல்லாததைக் கொண்டுவருவதும் உண்டு, அதற்குக் கீழே வருகிறேன்.

சாம், ரோஸி ஜோடியை எடுத்துக்கொள்ளுங்கள். டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையில், தீய மோதிரம் ஒன்றை எரிமலையில் போட்டு அழிக்கப் போகும் ஃப்ரோடோவுக்குத் துணையாகப் போகிறவன் சாம், இருவரும் ஹாபிட் என்ற குட்டை மனித இனம். நாவலில் ரோஸி என்று ஒருத்தி இருப்பதே கதையின் கடைசிப் பகுதியில்தான் தெரியவரும். எரிமலையை நோக்கித் தள்ளாடி நடக்கும் சாம், ஊரில் மறுபடி பார்க்க ஆசைப்படுகிறவர்களின் வரிசையில் அவளையும் அவள் அண்ணன் தம்பிகளையும் சேர்த்து நினைத்துக்கொள்கிறான், அவ்வளவுதான். பீட்டர் ஜாக்சன் எடுத்து 2001இல் வந்த முதல் படத்தின் ஆரம்ப விருந்திலேயே அவளைக் காட்டிவிடுகிறார். சாம் கூச்சத்தில் நெளிகிறான், ஃப்ரோடோ அவனைப் பிடித்து அவள் பக்கம் தள்ளிவிடுகிறான். சில நொடிகள்தான். ஆனால் மூன்றாவது படத்தில் எரிமலைச் சரிவில் கிடந்தபடி சாம் அவள் பெயரைச் சொல்லும்போது நமக்கு ஒரு முகம் ஞாபகத்துக்கு வருகிறது.

ஆர்வென் கதை நாவலில் நிஜமாவே இருக்கா? நான் தேடிப் பார்த்தேன், கிடைக்கவே இல்லை.

நானும் படம் பார்த்துவிட்டுத்தான் நாவலுக்குப் போனேன். நூறு பக்கம் தாண்டியும் ஆர்வென் வாயைத் திறக்காததைப் பார்த்து, என் பிரதியில் பக்கம் விட்டுப்போயிருக்கிறதோ என்று சந்தேகப்பட்டேன். எல்ஃப் தலைவரான அவள் அப்பா எல்ராண்டின் மாளிகை விருந்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள், அழகு வர்ணிக்கப்படுகிறது, பிறகு பல நூறு பக்கங்களுக்கு ஆளையே காணோம். கடைசியில், அரசனாகிவிட்ட மனிதன் அரகோர்னுக்கும் அவளுக்கும் கல்யாணம். முதல்முறை படிக்கிறவருக்கு இது யார் என்றுகூடக் குழப்பம் வரலாம்.

காதல் கதை முழுவதும் நாவலுக்குப் பின்னால், பிற்சேர்க்கையில் இருக்கிறது. அரகோர்ன் அவளை முதலில் பார்க்கும்போது அவனுக்கு 20 வயது, அவளுக்கு 2,700 வயதுக்கு மேல். 49 வயதில் ஒரு மலைமேல் இருவரும் வாக்குக் கொடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு ராஜ்யங்களுக்கும் அரசனானால்தான் மகளைக் கொடுப்பேன் என்று எல்ராண்ட் நிபந்தனை போடுகிறார். கல்யாணம் நடக்க இன்னும் 39 வருடம் ஆகிறது. அரகோர்ன் 210 வயதில் சாகிறான். சாவில்லாத எல்ஃப் இனத்தோடு போயிருக்க வேண்டியவள் அவனுக்காகச் சாவைத் தேர்ந்தெடுத்தவள், அடுத்த குளிர்காலம் முடிவதற்குள் தனியாகச் சாகிறாள். இதில் எதுவும் படக்காரர்களின் கற்பனை இல்லை. பின்னால் இருந்ததை முன்னால் கொண்டுவந்தார்கள்.

அவ்வளவு நல்ல காதலை டோல்கீன் ஏன் பின்னாடி தள்ளினார்? காதல் எழுத வராதா?

எழுத வராதவர் அந்தப் பிற்சேர்க்கையை எழுதியிருக்க முடியாது. அவரே ஒரு கடிதத்தில் காரணம் சொல்லியிருக்கிறார்: பிற்சேர்க்கைகளிலேயே அதுதான் மிக முக்கியமானது, மையக்கதையின் ஒரு பகுதி, ஆனால் நாவல் ஹாபிட்டுகளின் பார்வையிலேயே நகர்வதால் அதன் கட்டமைப்பைக் குலைக்காமல் உள்ளே நுழைக்க முடியவில்லை என்று. ஃப்ரோடோவுக்கோ சாமுக்கோ தெரியாதது நமக்கும் தெரியக் கூடாது என்பது அவர் வைத்துக்கொண்ட விதி. அரகோர்ன் தன் காதலைப் பற்றி அவர்களிடம் பேசுகிற ஆளில்லை.

நம் பாட்டிலக்கணத்தில் சொன்னால், முழுக்கப் புறம் பாடிவிட்டு அகத்தைத் தனி ஏட்டில் எழுதிக் கட்டிவைத்த மாதிரி. படத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கேமரா யாருடைய கண்ணாகவும் இருக்கலாம், ஹாபிட்டுகள் சேற்றில் நடக்கும்போது ஆயிரம் மைல் தள்ளி ஆர்வென் என்ன நினைக்கிறாள் என்று போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

சரி, ஆனா ஆற்றங்கரையில் ஆர்வென் வாளோடு நிற்கிறது நாவலில் கிடையாதே?

கிடையாது. நாவலில் வழியில் வந்து உதவுவது குளோர்ஃபிண்டெல் என்ற எல்ஃப் வீரன், ஃப்ரோடோ அவனுடைய குதிரைமேல் தனியாகத்தான் ஆற்றைக் கடக்கிறான். படத்தில் குளோர்ஃபிண்டெல் போய் ஆர்வென் வந்துவிட்டாள். இது திரைக்கதைக் கணக்கு: ஒரே காட்சிக்காக ஒரு புது ஆளை அறிமுகப்படுத்துவதைவிட, பின்னால் தேவைப்படப்போகிற ஆளை இப்போதே நன்றாகப் பதியவைக்கலாம். எனக்கு இதில் வருத்தமில்லை. ஃப்ரோடோ தனியாகத் திரும்பி நின்று, துரத்திவரும் கறுப்புக் குதிரைவீரர்கள் ஒன்பது பேரையும் எதிர்க்கும் தைரியம் மட்டும் படத்தில் போய்விட்டது, அது நஷ்டம்தான்.

இதில் ஒரு துணைக்கதையும் உண்டு. இரண்டாவது படத்தில் கோட்டைப் போரிலும் ஆர்வென் சண்டை போடுவதாக முதலில் படமாக்கினார்கள், அப்புறம் அதைத் தூக்கிவிட்டார்கள். காதலியைக் காதலன் பக்கத்திலேயே நிறுத்திவிட்டால் பிரிவு எங்கே, காத்திருப்பு எங்கே? அவளைத் தூரத்தில் வைத்தபோதுதான் அந்தக் காதலுக்குக் கனம் வந்தது.

மனசுக்குள்ளேயே நடக்கிற காதலைப் படத்தில் எப்படிக் காட்டுவாங்க?

நாவலில் "அவளுக்கு என்னவோ போல இருந்தது" என்று எழுதினால் போதும். படத்தில் அந்த 'என்னவோ'வைக் கண்ணுக்குத் தெரியவைக்க வேண்டும். சுலபமான வழி, யாரிடமாவது பேசவிடுவது. சங்கப் பாட்டில் தலைவிக்குத் தோழி இருப்பதும் ஓரளவு இதற்குத்தான். படங்களில் திடீரென்று ஒரு தோழியோ தம்பியோ பேசும் பிராணியோ முளைத்தால் பாதி நேரம் அதுதான் காரணம்.

இன்னும் நல்ல வழி, மாயத்தையே பேசவைப்பது. டயானா வின் ஜோன்ஸ் 1986இல் எழுதிய 'ஹவ்ல்ஸ் மூவிங் காஸில்' நாவலில் சோஃபி சாபத்தால் கிழவியாகிறாள். சாபத்தை எடுக்கத் தான் முயன்றும் முடியவில்லை, அவளே அந்த வேஷத்தை விரும்புகிறாள் போல என்று மந்திரவாதி ஹவ்ல் ஓரிடத்தில் சொல்கிறான். நாவலில் அது போகிறபோக்கில் வருகிற பேச்சு. 2004இல் ஜப்பானிய இயக்குநர் மியாசாகி அந்தப் பேச்சின் மேலேயே படத்தைக் கட்டியிருக்கிறார். சோஃபி தூங்கும்போது இளம்பெண், விழித்தால் கிழவி. ஹவ்லுக்காக வாதாடும்போது முகத்தில் சுருக்கம் மறைகிறது. பூக்கள் நிறைந்த புல்வெளியில் அவனோடு நிற்கும்போது இளமை, தன் அழகைப் பற்றித் தாழ்வாகப் பேச ஆரம்பித்ததும் மறுபடி கூன் விழுகிறது. "நான் உன்னைக் காதலிக்கிறேன், ஆனால் அதற்கு எனக்குத் தகுதியில்லை" என்று எந்த வசனமும் சொல்லாமலே சொல்லியாகிவிட்டது. படமாக்கலில் காதல் விரிந்த விதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

நாவலில் ஓரிடத்தில் நடக்கிற முத்தத்தை ஏன் வேறிடத்துக்கு மாத்துறாங்க?

பல சமயம் அந்த முத்தத்துக்கான காரணத்தை முந்தைய படத்திலேயே வெட்டியிருப்பார்கள். ஹாரி பாட்டர் கடைசி நாவலில், போர் மூளும் நேரத்தில் பள்ளிச் சமையலறையில் அடிமைகளாக வேலைசெய்யும் எல்ஃபுகளை எச்சரிக்க வேண்டாமா என்று ஹாரியின் நண்பன் ரான் கேட்கிறான். அவர்கள் தோழி ஹெர்மாய்னி கையிலிருந்ததையெல்லாம் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து முத்தமிடுகிறாள். ஏன்? அந்த எல்ஃபுகளின் விடுதலைக்காக நான்காம் புத்தகத்திலிருந்து போராடி, ரானிடமே கிண்டல் வாங்கியவள் அவள். அவன் மாறிவிட்டான் என்பது அந்த ஒரு கேள்வியில் தெரிகிறது.

படங்களில் அந்தப் போராட்டமே இல்லை. அதனால் எல்ஃப் வசனத்தை வைத்தாலும் யாருக்கும் புரியாது. 2011 படத்தில் பாதாள அறையில், வில்லனின் உயிரில் ஒரு பங்கு ஒளிந்திருக்கும் கிண்ணத்தை அழிக்கிறார்கள், தண்ணீர் சீறியடிக்கிறது, நனைந்து நிற்கும் இருவரும் பரபரப்பில் முத்தமிடுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒன்று குணத்தால் வந்த முத்தம், இன்னொன்று தப்பிப் பிழைத்ததால் வந்த முத்தம்.

கூடாரத்தில் ஹாரியும் ஹெர்மாய்னியும் ஆடுறாங்களே, அது காதலா?

இல்லை. 2010 படத்தில் வரும் அந்த நடனம் நாவலில் கிடையாது. ரான் கோபித்துக்கொண்டு போனபிறகு இருவரும் வாரக்கணக்கில் பேச்சற்றுக் கிடப்பதை நாவல் பக்கம் பக்கமாகச் சொல்லும், படம் ஒரு வானொலிப் பாட்டில் சொல்கிறது. இரண்டு நிமிடம் சிரிக்கிறார்கள், பாட்டு முடிகிறது, பழைய பாரம் திரும்பி வருகிறது. விரிவாக்கப்பட்டது நட்பு. அதைக் காதலாகப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு சண்டை போட்டுப் பயனில்லை என்று அனுபவத்தில் தெரிந்துகொண்டேன்.

நாவலிலேயே இல்லாத ஆளைப் படைச்சு ஜோடி சேர்க்கிறது நியாயமா?

நியாயம் என்பது அந்த ஆளுக்குச் சொந்த வேலை இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. 'ஹவ் டு ட்ரெய்ன் யுவர் ட்ராகன்' புத்தகங்களில் ஆஸ்ட்ரிட் என்ற பெண்ணே இல்லை. 2010 படத்துக்காக உருவாக்கப்பட்டவள். ஆனால் அவள் முதலில் நாயகனின் போட்டியாள். ட்ராகன் ரகசியத்தைக் கண்டுபிடிக்கிறவளும் அவள்தான். ட்ராகன்மேல் ஏறிப் பறந்து மனம் மாறுகிறவளும் அவள்தான். மொத்த ஊரும் பின்னால் கடக்கப்போகும் மாற்றத்தை முதலில் கடப்பவள் என்பதால், காதல் தனியாக ஒட்டவைத்த மாதிரித் தெரிவதில்லை.

அப்புறம் ஏன் 'ஹாபிட்' படத்து டாரியல் மேல மட்டும் இவ்வளவு கோபம்?

1937இல் வந்த டோல்கீனின் நாவலில் டாரியல் இல்லை, காதலும் இல்லை. படங்களுக்காக உருவாக்கிய எல்ஃப் வீராங்கனை அவள். குள்ளர்களில் ஒருவனான கிலி அவளைக் காதலிக்கிறான், எல்ஃப் இளவரசன் லெகோலஸும் காதலிக்கிறான். முக்கோணக் காதல் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் நடிக்க ஒப்புக்கொண்டதாகவும், பிறகு கூடுதல் படப்பிடிப்புக்குப் போனபோது அது கதைக்குள் வந்துவிட்டிருந்ததாகவும் டாரியலாக நடித்த எவாஞ்சலின் லில்லி பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இரண்டு படமாகத் திட்டமிட்டது 2012இல் மூன்று படமானது. ஒரு சின்ன நாவலை அவ்வளவு நீளம் இழுக்கும்போது இடத்தை நிரப்ப ஏதாவது வேண்டுமே என்று எரிச்சல் வருவது இயல்பு.

என் குறை வேறு. நாவலில் கிலியும் அவன் அண்ணன் ஃபிலியும் போர்க்களத்தில் தங்கள் மாமாவான தோரினைக் காக்கக் குறுக்கே நின்று சாகிறார்கள். அவர் தங்கள் தாயின் அண்ணன் என்பதுதான் காரணமாகச் சொல்லப்படுகிறது. ஒரே வாக்கியம், படித்தால் நெஞ்சு அடைக்கும். படத்தில் கிலி டாரியலைக் காப்பாற்ற வந்து, அவள் கண்முன்னே சாகிறான். தாய்மாமனுக்குச் சேர வேண்டிய சாவை எடுத்து, மூன்றாவது படம்வரை சில முறையே பேசியிருந்த ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். இருந்த பாசம் ஒன்றைச் சுருக்கிவிட்டு அந்த இடத்தில் காதலை நட்டதுதான் என் வருத்தம்.

பெண்களைத் தியேட்டருக்கு வரவைக்கத்தானே இந்தக் காதலெல்லாம்?

வியாபாரக் கணக்கு இல்லாமல் இருக்காது. ஆனால் இந்தக் கேள்வியில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. பழைய ஃபேன்டசி நாவல்கள் பலவற்றில் பெண்களே அபூர்வம், 'ஹாபிட்' கதையில் பேசும் பெண் பாத்திரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அதைச் சரிசெய்யப் பெண்ணைச் சேர்ப்பது ஒன்று, சேர்த்த பெண்ணுக்கு உடனே ஒரு காதலனைப் பார்ப்பது இன்னொன்று. டாரியல் வெறும் காவற்படைத் தலைவியாகவே இருந்திருந்தால் பாதி எதிர்ப்பு வந்திருக்காது என்று நினைக்கிறேன். அப்புறம், காதல் காட்சி என்றால் பெண்களுக்கு, சண்டை என்றால் ஆண்களுக்கு என்று பங்கு பிரிப்பதே எனக்குப் பிடிபடாத கணக்கு.

'பிரின்ஸ் காஸ்பியன்' கடைசியில் சூசன் முத்தம் கொடுக்கிறது தப்பா?

தப்பு என்று சொல்லமாட்டேன், வீண் என்பேன். 1951இல் வந்த இந்த நார்னியா நாவலில், நம் உலகத்திலிருந்து போன சூசனுக்கும் அந்த நாட்டு இளவரசன் காஸ்பியனுக்கும் காதல் என்று ஒன்றும் இல்லை. 2008 படத்தில் சில பார்வைகள், பிரியும்போது ஒரு முத்தம். அதை எடுத்துவிட்டால் யாருடைய எந்த முடிவும் மாறாது. சூசன் போகத்தான் போகிறாள், காஸ்பியன் ஆளத்தான் போகிறான்.

தொடர் நாவல்களில் இன்னொரு தலைவலியும் உண்டு. அடுத்த கதையிலேயே காஸ்பியனுக்கு ஒரு விண்மீனின் மகளோடு கல்யாணம் நிச்சயமாக எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. போன படத்தில் மூட்டிய தீயை அடுத்த படம் அணைக்க வேண்டியதாகிறது.

நல்ல விரிவாக்கம்னு எதை வச்சுச் சொல்றீங்க?

மேலே இரண்டு மூன்று இடத்தில் செய்ததுதான். அந்தக் காதலை மனதுக்குள் உருவிப் பார்க்கிறேன், மையக்கதை ஆடுகிறதா என்று. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படத்தில், எல்ஃப் இனத்தார் நிரந்தரமாகக் கிளம்பும் கப்பலில் ஏறாமல் ஆர்வென் திரும்பி வருகிறாள். அதனால்தான் படத்து எல்ராண்ட் உடைந்த வாளை மறுபடி அடித்து அரகோர்னிடம் கொண்டுவந்து கொடுக்கிறார். அந்த வாள் இல்லாமல், போரில் அவனுக்குக் கைகொடுக்கும் இறந்தவர்களின் படை இல்லை. நாவலில் பயணம் தொடங்கும்போதே வாள் தயாராகிவிடுகிறது, காதலுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. இந்த இடத்தில் படம் நாவலைவிட இறுக்கமாக முடிச்சுப் போட்டிருக்கிறது என்று துணிந்து சொல்வேன்.

அதே படத்தில், மோதிரத்தின் தீமை வளர வளர ஆர்வென் உயிர் மங்குகிறாள் என்று சேர்த்தது தேவையில்லை. 39 வருடம் பொறுத்த காதலுக்கு நாலு நாள் கெடு வைக்கிறார்கள். படங்களுக்குக் காத்திருக்கத் தெரியாது.

காதலுக்காக முடிவையே மாத்தலாமா?

நீல் கெய்மனின் 'ஸ்டார்டஸ்ட்' நாவலில் விண்மீனான இவேயின் சூனியக்காரியிடம், என் இதயம் ஏற்கெனவே வேறொருவனிடம் இருக்கிறது, உனக்குக் கிடைக்காது என்று சொல்கிறாள். சண்டையில்லாமலே விஷயம் முடிகிறது. 2007 படத்தில் அந்த ஒரு பேச்சு பெரிய மோதலாகி, காதலால் அவள் ஒளிர்ந்து சூனியக்காரியை அழிக்கிறாள். இதுவரைக்கும் எனக்குச் சம்மதம், உள்ளே இருந்த கருத்துதான் வெளியே வெளிச்சமாக வந்திருக்கிறது.

கடைசி வேறு. நாவலில் அவள் காதலன் கிழவனாகிச் சாகிறான். அவள் சாகாமல் தனியாக அரசாண்டுகொண்டு, இரவில் திரும்பிப் போக முடியாத வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். படத்தில் இருவரும் சேர்ந்து விண்மீன்களாகிவிடுகிறார்கள். தியேட்டரைவிட்டுச் சிரித்த முகத்தோடு வரலாம். ஆர்வென் கொடுத்த விலையை இங்கே தள்ளுபடி செய்துவிட்டார்கள் என்றுதான் எனக்குப் பட்டது.

எழுத்தாளரே திரைக்கதை எழுதினா இந்தப் பிரச்சினை வராதில்லையா?

அப்படிச் சொல்ல முடியாது. 'த பிரின்சஸ் ப்ரைட்' நாவலையும் (1973) படத்தின் திரைக்கதையையும் (1987) எழுதியவர் வில்லியம் கோல்ட்மன் ஒருவரே. நாவல் முடியும்போது காயம் மறுபடி பிளக்கிறது, குதிரை லாடத்தை இழக்கிறது, பின்னால் துரத்துகிறவர்களின் சத்தம் நெருங்குகிறது, தப்பித்தார்களா என்றே தெரியாது. படம் ஒரு முத்தத்தில் முடிகிறது. அவரே தன் சந்தேகத்தை எடுத்துவிட்டார்.

படங்கள் காதலைக் குறைப்பதும் உண்டா?

நிறைய. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலில், போரில் காயம்பட்ட ஃபராமிரும் ஈயோவினும் மருத்துவ விடுதியில் சந்தித்து மெல்ல நெருங்குவதை டோல்கீன் மையக்கதையிலேயே நிதானமாக எழுதியிருக்கிறார். தியேட்டரில் வந்த படத்தில் முடிசூட்டு விழாவில் இருவரும் பக்கத்தில் நிற்கிறார்கள், அவ்வளவே. நீட்டிக்கப்பட்ட பதிப்பில்தான் ஒரு குட்டிக் காட்சி உண்டு. ஆர்வெனுக்கு இடம் கிடைத்தது சும்மா இல்லை, யாரோ எழுந்து கொடுத்திருக்கிறார்கள்.

தொடர்களில் நேரம் நிறைய இருக்கே, அங்கே நாவலுக்கு உண்மையா இருக்கலாமே?

நேரம் அதிகம் இருந்தால் விரிவாக்கமும் அதிகமாகும். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதையின் இளம் அரசன் ராப் ஸ்டார்க்கைப் பாருங்கள். நாவலில் அவன் பார்வையில் ஓர் அத்தியாயம்கூட இல்லை. காயம்பட்டுக் கிடக்கும்போது, தம்பிகள் செத்தார்கள் என்ற செய்தி வருகிறது. ஆறுதல் சொன்ன ஜெயின் என்ற பெண்ணோடு ஓர் இரவு, மறுநாள் அவள் மானத்தைக் காக்கக் கல்யாணம். எல்லாம் திரைக்குப் பின்னால் நடந்து, மனைவியோடு திரும்பி வரும்போதுதான் அவன் தாய்க்கும் நமக்கும் தெரிகிறது. தொடரில் ஜெயினுக்குப் பதில் போர்க்களத்தில் வைத்தியம் பார்க்கும் டாலிசா. சந்திப்பு, வாக்குவாதம், ஈர்ப்பு, 2012இல் ரகசியக் கல்யாணம்.

கேட்டால் "காதலைக் கொஞ்சம் விரித்தோம்" என்பார்கள். உண்மையில் மாறியது ராப். இரண்டிலும் அந்தக் கல்யாணம், வேறொரு வீட்டுப் பெண்ணைக் கட்டுவதாக அவன் கொடுத்திருந்த வாக்கை முறிக்கிறது, அதற்கு அவன் உயிரே விலையாகிறது. நாவலில் அவனை அழிப்பது அப்பாவிடமிருந்து வந்த மானவுணர்வு, தொடரில் அவனை அழிப்பது ஆசை. காதலை விரிக்கும்போது ஒருவன் ஏன் விழுந்தான் என்பதே மாறிப்போகலாம். நான் பார்த்தவற்றில் ரொம்பச் சிக்கலான உதாரணம் இதுதான்.

படம் பார்த்துட்டு நாவல் படிச்சா காதல் கண்ணுக்கே தெரியலை. எங்கே தேடணும்?

'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' என்றால் முதலில் பிற்சேர்க்கையைப் படித்துவிடுங்கள், கட்டமைப்புக் கெடும் என்று யாராவது சொன்னால் கண்டுகொள்ள வேண்டாம். பிறகு மையக்கதையில் மூன்று இடங்களைப் பாருங்கள். எல்ராண்டின் மண்டபத்தில் அரகோர்ன் ஆர்வென் பக்கத்தில் நிற்பதை ஃப்ரோடோ ஆச்சரியத்தோடு பார்க்கும் இடம். அப்புறம், ஆர்வென் தன் கையால் செய்த கொடி தெற்கே வந்து சேர்ந்து, போர் தோற்கப்போகிற நேரத்தில் கப்பலில் விரியும் இடம்.

மூன்றாவது, அந்த மலை. பயணத்தின் நடுவில் அரகோர்ன் அதன் மேல் ஒரு சின்னப் பூவோடு தனியாக நிற்கிறான், இளைஞனாகத் தெரிகிறான், அங்கே இல்லாத யாரிடமோ எல்ஃப் மொழியில் ஏதோ சொல்கிறான். ஃப்ரோடோவின் கண்ணுக்கு அந்த ஆள் தெரிவதில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு அரகோர்ன் இறங்குகிறான், உயிரோடு இருந்தவரை அங்கே திரும்பி வரவில்லை என்று ஒரே வரியில் டோல்கீன் முடித்துவிடுகிறார். அவர்கள் வாக்குக் கொடுத்துக்கொண்ட மலை அதுதான். ஆர்வென் கடைசியில் வந்து படுக்கும் மலையும் அதுதான்.